மணியின் பால் கணக்கு

எங்கள் தோட்டத்தில் நாய் மாறும், பெயர் மாறாது. எனக்கு நினைவு தெரிந்து இது ஐந்தாவது மணி. முன்பிருந்த நாலும் கடுவன். இதையும் கடுவன் என்று நம்பித்தான் கன்னிவாடி ஆட்டுச்சந்தைக்குப் போன அப்பா மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். பத்து நாள் கழித்து அம்மா குளிப்பாட்டும்போதுதான் பொட்டை என்று தெரிந்தது. "அதுக்கென்ன பண்றது, பேருக்கு ஏது ஆம்பள பொம்பள" என்று முடித்துவிட்டார் அப்பா.

வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில், கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடும் கொஞ்சம் கிணற்றுப் பாசனமும் உள்ள தோட்டம் எங்களுடையது. கறவையில் நாலு மாடு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் போகிறது. எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, எந்த மாடு எத்தனை கறந்தது என்று ஒரு நீள நோட்டில் முப்பது வருஷமாக எழுதிவரும் வீடு. ஒரு மாடு அரை லிட்டர் குறைத்துக் கறந்தால் அன்றைக்குச் சாயங்காலமே புண்ணாக்கு, தவிடு, தண்ணீர் என்று விசாரணை நடக்கும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அதே கட்டுத்தரையில் இன்னொரு உயிரும் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கணக்கு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

போன கார்த்திகை 22. முந்தின நாளிலிருந்தே மணி சோறு தின்னவில்லை. சோளத்தட்டுப் போரின் அடியில் முன்னங்காலால் பறித்துப் பறித்து ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குழி போட்டுவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவர்கள். நாய்க்குப் பார்த்தவர்கள் யாருமில்லை. அது பாட்டுக்குப் போடும், அது பாட்டுக்கு வளர்க்கும் என்பதுதான் நடைமுறை. ராத்திரி ஒன்பது மணிக்கு முதல் குட்டி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, டவுனில் இருக்கும் கால்நடை மருத்துவரைப் போனில் எழுப்பிவிட்டேன். "முக்காம சும்மா படுத்திருந்தா ரெண்டு மணி நேரம் வரைக்கும் பாருங்க. விடாம அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். போனை வைக்கும்போதே மூன்றாவது தலை தெரிந்தது.

மாடு ஈன்றால் இளங்கொடியைச் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுகிற ஊர் இது. நாய்க்கு அந்த வேலையெல்லாம் இல்லை. குட்டிக்கு ஒரு நஞ்சுக்கொடி, வர வர மணியே தின்றது. பையைப் பல்லால் கிழித்து, கொடியைக் கடித்து, குட்டியை நக்கிப் புரட்டி, அது ஒரு சத்தம் போட்ட பிறகுதான் அடுத்த வேலை. விடியக்காலம் நாலு மணிக்கு நான் டார்ச் அடித்து எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். பதினொன்றேதான். கருப்பு, செவலை, வெள்ளை, இரண்டு புலிச்சாரை. "பதினொண்ணும் பதினொரு தினுசா இருக்குது" என்றார் அப்பா. ஒரே ஈத்தில் குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பன் இருக்கலாம் என்று மருத்துவர் பின்னால் சொன்னபோது அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மணிக்குக் காம்பு பத்து. அதில் முன்னங்காலுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டும் பேருக்குத்தான். அழுத்தினால் ஒரு சொட்டு. ஆக எட்டுக் காம்பு, பதினொரு வாய். இங்கிலாந்தில் 2004-இல் ஒரு நாய் 24 குட்டி போட்டது உலக சாதனை; அதோடு பார்த்தால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் 24 குட்டி போட்ட அந்த நியோபாலிட்டன் மேஸ்டிஃப் ஜாதி நாய் கன்றுக்குட்டி உயரம் இருக்கும். மணி பதினேழு கிலோ.

காலையில் ஆட்டுப்பட்டிக்குப் போகிற வழியில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா எட்டிப் பார்த்தார். "ஏழு பொட்டையா? இன்னைக்கே தாட்டி உட்டுருங் அம்மிணி. கண்ணு முழிச்சிருச்சுன்னா மனசு வராது" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. எங்கள் பக்கத்தில் வழிவழியாக நடப்பதைத்தான் சொன்னார். தாட்டி விடுவது என்றால் சாக்கில் கட்டி எங்காவது ஓடையோரம் விட்டுவிட்டு வருவது. அம்மா பதில் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு போசியில் சூடாகக் கருப்பட்டி கலந்த கஞ்சி கொண்டுவந்து மணிக்கு வைத்தார். அதுதான் பதில் என்று பெரியப்பா புரிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று மதியம் தூறல் விழுந்தது. தட்டுப்போர்க் குழிக்குள் தண்ணீர் இறங்கும் என்று குட்டிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் வீட்டுத் திண்ணை மூலையில் போட்டேன். அரை மணி நேரத்தில் மணி ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போருக்கே திரும்பிவிட்டது. மறுபடி திண்ணை. மறுபடி போர். இதில் வீம்பு பிடித்துப் பிரயோஜனமில்லை. போரை ஒட்டிக் கட்டுத்தரையின் கடைக்கோடியில், அது பார்த்துத் தேர்ந்தெடுத்த திசையிலேயே, பழைய கதவுப் பலகைகளை அடித்து நாலுக்கு நாலடியில் ஒரு பெட்டி செய்தோம். சொட்டுநீருக்கு வாங்கி மிஞ்சின பிவிசி குழாயைப் பெட்டியின் உள்பக்கம் நாலு சுவரிலும் ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிக் கட்டினோம். தாய் சாய்ந்து படுக்கும்போது சுவரோரம் இருக்கும் குட்டி நசுங்காமல் குழாய்க்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு மணி இடம் மாற்றவில்லை.

பிறந்த நாய்க்குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. இரண்டு மூன்று வாரம் வரை தாயின் வயிறும் கூடப்பிறந்தவர்களும்தான் போர்வை. கார்த்திகைக் கடைசியில் எங்கள் காட்டில் ராத்திரிக் குளிர் எலும்புக்குள் போகும். கோழிக்குஞ்சுக்குக் கட்டுகிற மாதிரியே ஒரு 60 வாட் குண்டு பல்பைப் பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே தொங்கவிட்டோம். அளவு பார்க்கிற விதமும் குஞ்சுக்குப் பார்ப்பதேதான்: ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தால் குளிர், ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து கிடந்தால் சூடு அதிகம். ஒரே மூலையில் கட்டினது ஏனென்றால், சூடு வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ள அவற்றுக்கும் தாய்க்கும் இடம் வேண்டும்.

இந்தப் பல்பை இரண்டாம் நாளே கட்டியிருக்கலாம். மூன்றாம் நாள் காலையில்தான் கட்டினோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாம் நாள் விடியலில் வெள்ளைக்குட்டி ஒன்று கூட்டத்தை விட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. கையில் எடுத்தால் கிணற்றுப் படிக்கல் மாதிரி சில்லென்று இருந்தது. வாயை மட்டும் மெதுவாகத் திறந்து திறந்து மூடியது. பசி என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, கண்மருந்துக் குப்பியின் சொட்டுக்குழாயில் எடுத்து, குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊற்றினேன். நாலாவது சொட்டில் மூக்கு வழியாகப் பால் வந்தது. மதியத்துக்குள் போய்விட்டது. செய்தது மூன்று தப்பு. உடம்பு சில்லிட்ட குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. முதலில் மாரோடு அணைத்துத் துணிக்குள் வைத்து, ஒரு மணி இரண்டு மணி நேரமானாலும் மெல்ல மெல்லச் சூடேற்றிய பிறகுதான் பால். இரண்டாவது, நாய்க்குட்டி கவிழ்ந்த வாக்கில், தலை கொஞ்சம் தூக்கினபடி குடிக்கிற ஜாதி. மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும். மூன்றாவது, பசும்பால். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். வெள்ளையைக் கொய்யாமரத்தடியில் அப்பா புதைத்தார். அன்று சாயங்காலம்தான் அந்த நீள நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கோடு போட்டேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற என் சித்தப்பா மகனிடம் சொல்லி ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் வரவழைத்தேன். பெட்டியில் விரிக்க அதைவிட நல்ல துணி உலகத்தில் இல்லை; மெத்தென்று இருக்கும், ஈரத்தை இழுக்கும், நாறினால் எரித்துவிட்டு அடுத்த கை அள்ளிப் போடலாம். மூட்டையைப் பிரித்தபோது கலர் கலராகத் துண்டுகள். அதிலிருந்து விரலகல ரிப்பன்களாக வெட்டிக் குட்டிகள் கழுத்தில் கட்டினேன். மஞ்சள், ஊதா, நீலம், பச்சை, சிவப்பு, கருப்பு, ரோஸ், ஆரஞ்சு, சாம்பல், மெரூன். பத்து. பனியன் துணி இழுத்தால் இழுபடும் என்றாலும், இரண்டு நாளைக்கு ஒருமுறை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டவில்லை என்றால் கழுத்தில் இறங்கிவிடும். அவ்வளவு வேகமாகத் தடிக்கின்றன.

வெங்காயம் எடைபோடுகிற எலக்ட்ரானிக் தராசில் ஒரு சொம்புத் தட்டை வைத்து, தினம் காலையில் ஆறு மணிக்கு ஒவ்வொன்றாக எடை. பிறந்தபோது இருநூற்றைம்பது, முந்நூறு கிராம் இருந்தவை. நல்ல குட்டி பத்து நாள் வாக்கில் பிறந்த எடையைப் போல இரட்டிப்பாக வேண்டும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தராசு மட்டும்தான் உண்மை பேசும். சிவப்பு ஒரே நாளில் முப்பது கிராம் ஏறியிருக்கும், சாம்பல் இரண்டு கிராம் இறங்கியிருக்கும். ஒருநாள் அப்பா அவசரத்தில் அந்த நோட்டையே சொசைட்டிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பால் எழுதுகிற பையன் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மஞ்சள் 410-னு போட்டிருக்கு, மஞ்சள் வெலை நாலு சைபர் இல்லீங்களா?" என்று கேட்டானாம். ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட் நிலவரம் என்று நினைத்திருக்கிறான்.

எடை தெரிந்த பிறகு ஷிப்ட் போட்டேன். மில்லுக்குப் போகிற ஊர்க்காரிக்கு ஷிப்ட் சொல்லித்தர வேண்டுமா? இளைத்த ஐந்துக்கு முதல் ஷிப்ட், தடித்த ஐந்துக்கு இரண்டாவது. ஒரு கூட்டம் குடிக்கும்போது இன்னொன்று பல்புக்கடியில் கூடைக்குள். இளைத்தவற்றைப் பின்காம்புகளில் கொண்டுபோய்ப் பிடித்துவிடுவேன். தொடைப்பக்கத்துக் காம்புகளில்தான் பால் அதிகம். முதல் ஒரு வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. குடித்து முடித்ததும் மணி ஒவ்வொன்றின் அடிவயிற்றையும் நக்கிவிடும். நக்கினால்தான் அவை மூத்திரமே பெய்யும். தானாகப் போகத் தெரியாது. அது நக்குவதை நிறுத்தும்வரை பெட்டி சுத்தமாகவே இருக்கும். அதற்கப்புறம்தான் நம்முடைய வேலை ஆரம்பம்.

பசும்பாலுக்கு வருகிறேன். நாலு மாட்டுப் பால் வீட்டிலேயே இருக்கும்போது குட்டிகளுக்கு ஊற்றினால் என்ன என்று ஊரே கேட்டது. சொசைட்டிப் பாஷையிலேயே சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. நம் மாட்டுப்பாலில் கொழுப்பு நாலு வந்தால் சந்தோஷப்படுகிறோம். மணியின் பாலைக் கறந்து கொண்டுபோய் ஊற்றினால் ஒன்பது பக்கம் காட்டும். புரதம் மாட்டுப்பாலைப் போல இரண்டு மடங்கு. பாலில் உள்ள சர்க்கரை மட்டும் மாட்டுப்பாலைவிடக் குறைச்சல். அதனால் பசும்பால் குடித்த குட்டிக்குச் சத்தும் பத்தாது, அந்தச் சர்க்கரை செரிக்காமல் கழிச்சலும் எடுக்கும். ஆட்டுப்பாலும் ஏறக்குறைய இதே கதைதான். "அட, நம்ம எருமையைவிடக் கெட்டியா!" என்று அப்பா மணியை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

பார்த்ததோடு சரி. அந்தக் கெட்டிப்பால் எங்கிருந்து வருகிறது என்று அவரும் கேட்கவில்லை, தினமும் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஊதா முதலில் கண் திறந்தது. நீலம் பாய்ந்த, எதையும் பார்க்காத கண். இரண்டு நாளில் எல்லாம் திறந்துவிட்டன. வயிறு மட்டும் பறை மாதிரி உப்பியிருந்தது. "நல்லாக் குடிக்குதுங்க பாரு" என்று அம்மா பூரித்துப்போனார். இரண்டு வாரத்தில் குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்களே என்று எடைக்கணக்குப்படி நாக்கில் விட்டேன். மறுநாள் துணியில் வேகவைத்த சேமியாவைக் கொட்டின மாதிரி. அம்மா அன்றிலிருந்து சேமியா பாயசம் வைக்கவில்லை. உருண்டைப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குப் போய்விடும், பாலிலும் போகும். அதனால்தான் இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்று வாரக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கிறது. தாய்க்கும் சேர்த்து.

மார்கழி 12. ராத்திரி எட்டு மணி. வாசலில் கோலப்பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். மணி கட்டுத்தரையிலிருந்து வெளியே வந்து நின்றது. அந்தக் குளிரில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. நடந்து வந்த விதம்தான் எனக்கு உறைத்தது: முட்டி மடங்காமல், பொய்க்கால் கட்டினவனைப் போல. கூப்பிட்டேன். பார்த்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கண்மணி விரிந்து கண் முழுக்கக் கருப்பாக இருந்தது. தாடை துடித்தது. உள்ளே குட்டிகள் கத்துவது கேட்டும் திரும்பவில்லை. தொட்டால் உடம்பு அடுப்புக்கல். பத்து நிமிஷத்தில் பக்கவாட்டில் சாய்ந்து நாலு காலும் விறைத்துக்கொண்டது.

"வெசம் தின்னுருச்சு கண்ணு" என்றார் அப்பா. முதலில் போன் செய்த இடத்தில் காலையில் கொண்டுவரச் சொன்னார்கள். காலை வரைக்கும் அது இருந்திருக்காது. பிரசவத்தன்று எழுப்பின அதே மருத்துவரை மறுபடி எழுப்பினேன். "எத்தனை குட்டி? எத்தனை நாள் ஆச்சு?" இரண்டே கேள்வி. "உடனே கொண்டு வாங்க. வர்ற வழியில வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க." பெரியப்பா, ஆமாம், தாட்டி விடச் சொன்ன அதே பெரியப்பாதான், தன் ஆம்னி வண்டியை எடுத்தார். இருபத்தைந்து கிலோமீட்டர். மடியில் துடித்துக்கொண்டிருந்த உடம்பின் மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லா எலும்பும் கைக்குத் தட்டுப்பட்டது. இத்தனை நாளாகப் பத்துக் குட்டியைக் கிராம் கணக்கில் எடைபோட்ட எனக்கு, தாயை ஒருநாள்கூடத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மருத்துவர் மேசைத் தராசில் போட்டார். பதிமூன்றரை.

காய்ச்சல் 106. நாய்க்குச் சாதாரணமாக 101, 102 இருக்கும். முன்னங்காலில் ஊசி ஏற்றி, கால்சியம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். வலது கை மருந்தில், இடது கையில் இருந்த ஸ்டெதாஸ்கோப் மணியின் நெஞ்சில். இதயத் துடிப்பு கொஞ்சம் தளர்ந்தால் மருந்தை நிறுத்துவார், காத்திருப்பார், மறுபடி விடுவார். வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும். கால் மணி நேரத்தில் துடிப்பு அடங்கியது. முதலில் காதுநுனி, பிறகு தாடை, கடைசியாகப் பின்னங்கால்.

"மாட்டுக்குக் கால்சியம் எறங்கினா என்னாகும்னு உங்களுக்கே தெரியுமே" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார் மருத்துவர். தெரியும். கன்று போட்ட ஓரிரு நாளில் காது சில்லிட்டு, கழுத்தை விலாவுக்கு மடக்கிப் படுத்துக்கொள்ளும். ஊசி போட்டால் எழுந்துவிடும். கறவை மாடு வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது நடந்திருக்கும். "அதே சீக்குத்தான் இதுவும். ஆனா நேரெதிர். மாடு சில்லுனு போய்த் தொவண்டு விழும், நாய் கொதிச்சு வெறைக்கும். மாட்டுக்கு ஈன்ன ஒடனே வரும், நாய்க்கு ரெண்டு வாரத்துக்கு மேல, பால் உச்சத்துல இருக்கும்போது வரும். அத்தனை குட்டிக்கும் பால்ல கால்சியம் போகுது. சாப்பாட்டுல வரலைன்னா ரத்தத்துல இருந்துதானே போகணும்?" அப்புறம் கேட்டார்: "செனையா இருக்கறப்போ கால்சியம் ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அப்பா எச்சில் விழுங்கினார். மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த கால்சியம் டானிக்கை, பாவம் நாய்தானே என்று, தினமும் இரண்டு கரண்டி சோற்றில் ஊற்றியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கக் கழுத்தில் சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கின்றன. சினைக்காலத்தில் வெளியிலிருந்து தாராளமாக வந்தால் அவை வேலையில்லாமல் தூங்கிப்போகும். பால் சுரக்கும்போது அவசரத்துக்கு எழுப்பினாலும் எழாது. கால்சியம் கொடுக்க வேண்டியது குட்டி போட்ட பிறகு, அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில். மருத்துவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அப்பா வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பாசத்தில் செய்ததற்கு யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஒரு மணி நேரத்தில் மணி எழுந்து நின்றது. மேசையிலிருந்து குதிக்கப் பார்த்தது. குட்டி ஞாபகம்.

இருபத்துநாலு மணி நேரம் குட்டியை அண்டவிடக் கூடாது என்பது உத்தரவு. மறுபடி வர வாய்ப்புண்டு. அதனால் மூன்று வாரம் ஆகிவிட்ட குட்டிகளை எவ்வளவு சீக்கிரம் வேறு சாப்பாட்டுக்குப் பழக்க முடியுமோ அவ்வளவு நல்லது. நாய்க்குட்டிக்கென்றே விற்கிற பால்பவுடரைக் கரைத்து, கல்யாணத்துக்கு வாங்கின பித்தளைத் தாம்பாளத்தில் ஊற்றி வைத்தேன். பத்தும் தாம்பாளத்துக்குள் இறங்கி நடந்தன. பச்சை உள்ளேயே தூங்கியது. மூக்கில் பாலேறித் தும்மி, ஒன்றையொன்று நக்கி, அப்படியே குடிக்கப் பழகிக்கொண்டன. மணி வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு ராத்திரி முழுக்க முனகியது. அம்மா பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அப்பா நோட்டை என்னிடமிருந்து வாங்கி, கடைசிப் பக்கத்தின் தலையில் "மணி" என்று எழுதினார். அதற்குக் கீழே காலை, முற்பகல், பொழுது, ராத்திரி என்று நாலு கட்டம். அதுவரை மணிக்கு ஒரு வேளை சோறு, மிஞ்சினால் ரசம். பால் கொடுக்கிற நாய்க்கு, அதுவும் இத்தனை குட்டிக்கு, வழக்கமாகத் தின்பதைப்போல மூன்று மடங்கு வேண்டும். ஒரே வேளையில் வயிறு கொள்ளாது. நாமக்கல் முட்டை தினம் மூன்று, அவித்து. பல்லடம் ரோட்டுக் கறிக்கடையில் சொல்லிவைத்துக் கோழி ஈரல், சதை. ராத்திரிக்கு மட்டும் குட்டிகளுக்கான உலர்தீவனம். அது தாய்க்கும் ஏற்றது என்று மருத்துவர் சொன்னார், விலைதான் கேட்டால் தலை சுற்றும். சோறும் ராகிக்களியும் வயிற்றை நிரப்பும், பாலை நிரப்பாது. அப்புறம் தண்ணீர். சின்னப் போசியை எடுத்துவிட்டு மாட்டுக்கு வைக்கிற சிமெண்டுத் தொட்டியிலேயே ஒன்றை ஒதுக்கினார் அப்பா. மடியைத் தினம் தடவிப் பார்ப்பதும் அவர் வேலையாயிற்று. எந்தக் காம்பாவது கல்லாகி, சூடாகி, தொட்டால் கடிக்க வந்தால் மடிவீக்கம் என்று மாட்டுக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. குட்டிகளின் நகத்தை மட்டும் நான் வெட்டிவிட்டேன். பால் குடிக்கும்போது பிராண்டிப் பிராண்டி மடியெல்லாம் கோடு.

பொங்கலுக்குள் மணி பதினைந்தரைக்கு வந்துவிட்டது. குட்டிகளுக்குப் பல் முளைத்ததும் நின்றபடியேதான் பால் கொடுக்கும். பத்தும் கீழே தொங்கும். நாலைந்து வாரத்தில் அதுவும் சலித்துப்போய்த் தீவனத்தொட்டி மேட்டில் ஏறி, எட்டாத இடத்தில் படுத்துக்கொள்ளும். கீழே பத்தும் அண்ணாந்து பார்த்துக் கத்தும். மணி கண்ணை மூடிக்கொண்டு கேட்காத மாதிரி இருக்கும். அந்த முகத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பட்டிப்பொங்கல் அன்று கட்டுத்தரையில் வழக்கம்போலத் தெப்பக்குளம் கட்டினார்கள். சாணியும் மண்ணும் கொண்டு வரப்பு, உள்ளே தண்ணீர், பூ. மாட்டை விட்டு மிதிக்கவைப்பதற்கு முன்னால் அதற்குள் ஒரு கால் படக்கூடாது. அப்பா தேங்காய் உடைக்கத் திரும்பின நேரத்தில் ஆரஞ்சும் மெரூனும் உள்ளே இறங்கிக் குடிக்க ஆரம்பித்துவிட்டன. பின்னாலேயே மற்றவை. வரப்பு இரண்டு இடத்தில் உடைந்தது. ஒறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரக் குழந்தைகள் எல்லாம் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, மாடு மிரண்டு பின்வாங்கியது. பெரியவர்கள் யாராவது சகுனம் பேசுவார்களோ என்று பார்த்தேன். அம்மா முந்திக்கொண்டார்: "பட்டி பெருகட்டும்னுதானே கும்பிடறோம்? பெருகியிருக்குது."

பெருகினதைப் பிரித்துக் கொடுப்பதுதான் கடைசி வேலை, கஷ்டமான வேலையும்கூட. கடுவன் நாலுக்கும் பொங்கலுக்கு முன்னாலேயே ஆள் வந்துவிட்டது. எட்டு வாரம் ஆகாமல் தரமாட்டேன் என்றேன். விற்கிற குட்டிக்கு 2017-இலேயே போட்ட மத்திய அரசு விதி அது. நான் விற்கவில்லை, ஆனாலும் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டி கடிப்பதன் அளவு தெரியாமல் வளர்கிறது. பொட்டை ஆறையும் யாரும் கேட்கவில்லை. "கடுவன் இருந்தாச் சொல்லுங்க அம்மிணி" என்று போனை வைத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கடந்த சில ஆண்டுகளாகக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்கிறது. ஒரே ராத்திரியில் பத்து, இருபது ஆடு போன குடும்பங்கள் உண்டு. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்த விவசாயிகளைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் மட்டும் எல்லோரும் டவுனைக் கைகாட்டுகிறோம். ஓடையோரம் சாக்கில் விட்ட பொட்டைக்குட்டிகளில் எல்லாமே சாவதில்லை. தப்பிக்கிற ஒன்று அடுத்த வருஷம் ஈன்றால் நாலாகும், ஏழாகும், பட்டி எதுவென்று தெரியாமல் வளரும். நான் இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் வேலியில் ஒரு முள்ளைச் சரிசெய்துகொண்டே கேட்டார். பதில் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே வந்து ரோஸையும் சாம்பலையும் கேட்டார். கடுவன் பருவத்தில் ஊர் சுற்றப் போய்விடுகிறது, பொட்டை பட்டியை விட்டு நகராது என்று அவரே எனக்கு விளக்கினார், ஏதோ நான் மறுத்த மாதிரி. வயது வந்ததும் கருத்தடை செய்வது என் செலவு என்று சொல்லிக் கொடுத்தேன். மற்றவை பொள்ளாச்சியில் அத்தை தென்னந்தோப்புக்கு ஒன்று, ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு ஒன்று, ஒரு கோழிப்பண்ணைக்கு ஒன்று என்று போயின. தடுப்பூசி போட்ட சீட்டோடுதான் அனுப்பினேன். மஞ்சள் இங்கேயே இருக்கிறது. அதையும் அப்பா மணி என்று கூப்பிட, இரண்டும் ஓடிவர, இப்போது பெரிய மணி, சின்ன மணி.

பால் வற்றி மடி சுருங்கின பிறகு பெரிய மணிக்குக் கருத்தடை செய்துகொண்டு வந்தோம். தையல் பிரிக்கும்வரை அம்மா அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். எடை பதினெட்டு.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடைசி வரி அப்பா கையெழுத்தில் இருக்கிறது: மாசி 10, ஊதா, 4 கிலோ 100, மூலனூர்ப் பட்டிக்கு. அதற்குக் கீழே இடம் பத்தாமல் ஓரத்தில் சாய்த்து அன்றைய பால் கணக்கு. காலை 21 லிட்டர், கொழுப்பு 4.1.